தசமப் புள்ளிக்குப் பின்னால் இருபத்தொரு பேர்

எங்கள் மாநிலத்தில் ஓட்டுப் போடத் தகுதியானவர்களில் வெள்ளையர் எத்தனை, கறுப்பர் எத்தனை, பிறர் எத்தனை என்று கணக்கெடுத்து அச்சிடுவதற்கென்றே ஓர் அலுவலகம் உண்டு. தகுதிவாய்ந்த வாக்காளர் இனவாரி விகித அலுவலகம் என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் ஒரு சட்டி இறால் வெந்துவிடும். யாரும் விட்டுப்போய்விடக் கூடாது என்று ஒரு நீதிபதி உத்தரவு போட்டதால் பிறந்த அலுவலகம் அது. நல்லது நினைத்துத்தான் போட்டிருப்பார், பாவம்.

நாங்கள் பெலிக்கன் முனைக்காரர்கள். லூசியானாவின் தெற்குக் கோடியில் சாலை முடிந்து கடல் தொடங்குகிற இடம். என் அப்பா மாடு மேய்த்த நிலத்தில் இப்போது நான் படகில் போய் நண்டுக்கூண்டு இறக்குகிறேன். நாங்கள் பூர்வகுடிகள், வீட்டில் பேசுவது பிரெஞ்சு. இது எப்படி என்று கேட்டால் முந்நூறு வருஷக் கதை சொல்ல வேண்டும், அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. முனையில் ஓட்டுரிமை உள்ளவர்கள் மொத்தம் இருபத்தொரு பேர்.

அந்த இருபத்தொரு பேரில் ஒருவர் என் அத்தான் அல்சீட் பர்ஃபே. அறுபத்திரண்டு வயது. என் அக்கா எல்மீரின் கணவர். அக்கா சிறுநீரகம் கெட்டு இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. சாலையின் கடைசியில் உள்ள எங்கள் கல்லறைத் தோட்டத்தில்தான் வைத்தோம். வைத்த மறு வருஷமே புயல் வந்து கல்லறையை உடைத்து அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பதினோரு மைல் வடக்கே ஒரு கரும்புக் காட்டில் கிடைத்தது. சைப்ரஸ் பலகையில் பெட்டியைச் செய்தது அத்தான்தான். தான் ஆணி அடித்த வரிசையைப் பார்த்து இது என் மனைவி என்று அடையாளம் சொன்னார். சொன்ன பிறகும் அவளைத் திருப்பித் தர அதிகாரிகள் ஏழு மாதம் ஆக்கினார்கள்; பழைய இடத்திலேயே மறுபடி வைத்தோம். ஏழு மாதமும் அந்த மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வருஷம் மாவட்டத்தில் புதிதாக வெள்ளத் தடுப்புக் கரை எழுப்பப் போவதாகச் சொன்னார்கள். அந்தக் கரை எங்கள் முனையைச் சுற்றி வந்தால் கல்லறைத் தோட்டம் உள்ளே. வடக்கே குறுக்கு வழியில் போனால் நாங்களும் எங்கள் செத்தவர்களும் வெளியே. எது என்று மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்று நவம்பரில் தேதி குறித்தார்கள். அன்றிலிருந்து அத்தானுக்கு வேறு பேச்சே இல்லை. எல்மீர் கரைக்கு உள்ளே இருப்பாளா, வெளியே இருப்பாளா. அவ்வளவுதான் அவர் உலகம்.

செப்டம்பரில் எல்லோருக்கும் ஒரு கடிதம் வந்தது. "அன்புள்ள ஒதுக்கீடு செய்யப்படாத வாக்காளரே" என்று தொடங்கியது. உங்கள் இனம் நிலுவையில் உள்ளது, தக்க ஆவணங்களுடன் நேரில் வரவும் என்று முடிந்தது. அத்தான் இருந்த காகிதங்களை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டார். நான் வண்டி ஓட்டினேன்.

அலுவலக ஜன்னலில் மிஸ் வெர்னா இருந்தார். கறுப்பினப் பெண்மணி, ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"மிஸ்டர் அல்சீட், உங்க இனம் என்ன?"

"பூர்வகுடி."

"வாஷிங்டன் சர்க்கார் பட்டியல்ல உங்க கூட்டத்துப் பேரு இல்லையே."

"மாநிலப் பட்டியல்ல இருக்கே, மிஸ் வெர்னா."

"இது வாஷிங்டன் அட்டவணை. மாநிலத்துக் காகிதத்துல அடிச்சிருக்கோம், அவ்வளவுதான். சரி, காகிதத்தைக் குடுங்க."

அத்தான் டப்பாவைத் திறந்தார். பிறப்புச் சான்றிதழில் 'நிறத்தவர்' என்று, அந்தக் காலத்தில் கறுப்பருக்கு எழுதும் சொல், இருந்தது. அவர் பிறந்தபோது டவுனிலிருந்த குமாஸ்தா முகத்தைப் பார்க்காமலே எழுதியது. பள்ளிச் சான்றிதழில் 'பூர்வகுடி'. எங்களை மற்றப் பிள்ளைகளோடு சேர்க்காமல் தனிப் பள்ளிக்கூடம் வைத்து ஏழாம் வகுப்போடு அனுப்பிவிட்ட காலம் அது. ராணுவ விடுவிப்புப் பத்திரத்தில் 'வெள்ளையர்'. அவர் பட்டாளத்தில் சேர்ந்தது பிப்ரவரி மாதக் குளிரில், வெயில் கறுப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது.

மிஸ் வெர்னா மூன்றையும் வரிசையாகப் பரப்பினார். "மூணும் அசல்தானா?"

"மூணுலயும் சர்க்கார் முத்திரை இருக்கு."

"அப்ப நீங்க மூணு பேரா?"

"சாப்பிடுறது ஒரு ஆள்தான்," என்றார் அத்தான்.

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பின்னால் யாராவது கேட்டிருப்பார்களோ என்று திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இதே கட்டடத்துலதான் எங்கம்மாகிட்ட ஜாடியைக் காட்டி, இதுல எத்தனை மிட்டாய் இருக்கு, சரியாச் சொன்னா ஓட்டுன்னாங்க. இப்ப நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன். ஜாடியத்தான் எடுத்துட்டாங்க. நீங்க டைரக்டரைப் பாருங்க."

டைரக்டர் ப்ரெஸ்டன் கில்லரியைப் பார்க்கப் போன நேரம் அங்கே விழா நடந்துகொண்டிருந்தது. ஆண்டறிக்கை வெளியீடு. வருஷா வருஷம் ஒரு பெரிய பெக்கான் பை, அதாவது கொட்டை பதித்த வட்டமான இனிப்புப் பண்டம், சுட்டு, மாவட்டத்தின் இன விகிதப்படி அளந்து வெட்டிப் பங்கு வைப்பது அந்த அலுவலகத்தின் சம்பிரதாயம். வெட்டுவதற்கு நில அளவைத் துறையிலிருந்து ஒருவர் கோணமானியோடு வந்திருந்தார். எங்களைக் கண்டதும் கில்லரிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. 'பிறர்' வகையிலிருந்து இதுவரை ஒருத்தரும் விழாவுக்கு வந்ததே இல்லையாம்.

"நண்பர்களே!" என்று அவர் பேசினார். "அந்தக் காலத்துல ஒரு மனுஷனோட நிறத்தைப் பார்த்து ஓட்டு உண்டா இல்லையான்னு முடிவு பண்ணுனாங்க. எவ்வளவு பெரிய அநியாயம்! இன்னைக்கு நாங்க யார் முகத்தையும் பார்க்கறதே இல்லை. நிறத்தை மட்டும்தான் பார்க்கறோம். அதுவும் ஒரு தசம இடம் வரைக்கும். இந்த மாவட்டத்துல பங்கு கிடைக்காதவங்கன்னு ஒருத்தரும் கிடையாது!"

எல்லோரும் கை தட்டினார்கள். வெள்ளையர் அறுபத்தெட்டு புள்ளி நான்கு, கறுப்பர் இருபத்து நான்கு புள்ளி மூன்று, ஹிஸ்பானிக் நான்கு புள்ளி இரண்டு, ஆசியர் மூன்று புள்ளி ஒன்று என்று பை வெட்டப்பட்டது. பிறர் புள்ளி ஒன்று. அந்தப் பங்கைக் கத்தியால் எடுக்க முடியவில்லை. அளவைக்காரர் தட்டின் ஓரத்தில் உதிர்ந்த ஒரு துணுக்கை விரல் நுனியால் ஒற்றி எடுத்து, ஒரு முழுத் தட்டில் வைத்து, முள்கரண்டியோடு அத்தானிடம் கொடுத்தார். புகைப்படம் எடுத்தார்கள். அத்தான் அதை வாயில் போட்டுக்கொண்டு நன்றி சொன்னார். அப்படிப்பட்ட மனிதர் அவர். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

விழா முடிந்த பிறகு கில்லரி எங்களை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். நான்கு பெரிய இனங்களையும் கூட்டினால் நூறு வந்துவிடுகிறது. எங்களையும் சேர்த்தால் நூறு புள்ளி ஒன்று. சட்டத்தில் நூறு என்றுதான் இருக்கிறது.

"அதுக்காக உங்களைத் தகுதியில்லைன்னு யாரும் சொல்லலை," என்றார். "தகுதியானவங்க அட்டவணையில இருக்காங்க. நீங்க அட்டவணைக்கு வெளியில இருக்குற தகுதியானவங்க."

"ஓட்டு?" என்று கேட்டார் அத்தான்.

"ஓட்டு அட்டவணைக்கு உள்ள."

"அய்யா, என் பொண்டாட்டி அங்க கிடக்கா. இந்த ஒரு ஓட்டு எனக்கு வேணும். என்னை என்னன்னு வேணா போட்டுக்குங்க. சீனாக்காரன்னு போடுங்க."

"அப்படி அவசரப்படக் கூடாது மிஸ்டர் பர்ஃபே," என்று கில்லரி வருத்தப்பட்டார். "அடையாளங்கறது புனிதமான விஷயம். அதுக்கு ஒரு முறை இருக்கு."

முறை இரண்டு வாரம் கழித்து எங்கள் ஊருக்கே வந்தது. தெற்குக் காற்று அடித்துச் சாலையில் கணுக்கால் தண்ணீர். கில்லரி பளபளக்கும் காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு தீயணைப்புக் கொட்டகைக்கு நடந்து வந்தார். இருபத்தொரு பேரும் கூடியிருந்தோம். அவருடைய கணித நிபுணர்கள் ராப்பகலாக உழைத்து ஒரு நல்ல செய்தி கண்டுபிடித்திருந்தார்கள். தசம எண் மாறாமல் வெள்ளையரில் இன்னும் ஆறு பேரைச் சேர்க்கலாம். கறுப்பரில் எட்டு, ஹிஸ்பானிக்கில் இரண்டு, ஆசியரில் ஐந்து. மொத்தம் இருபத்தொரு காலியிடம்.

"ஒரு ஆள் கூட மிச்சம் வரலை!" என்றார் கில்லரி. அவர் கண் கலங்கியிருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

இடங்களைப் பாரபட்சம் இல்லாமல் ஒதுக்க வேண்டும் என்பதால் சீட்டுக் குலுக்கினார்கள். சிப்பிச் சாக்கில் சீட்டுகளைப் போட்டு ஒவ்வொருவராகக் கை விட்டு எடுத்தோம். எனக்கு ஆசியர் வந்தது. இரட்டைப் பிள்ளைகளான தெல்மாவும் நொயேலும் வெள்ளையர் ஒருவர், கறுப்பர் ஒருவர் ஆனார்கள். எழுபத்து நான்கு வயது ஒலீவ் அத்தைக்கு ஹிஸ்பானிக்.

"எனக்கு ஸ்பானிஷ்ல ஒரு வார்த்தை தெரியாதேப்பா!" என்றாள் அத்தை.

"பரவாயில்லம்மா, ஓட்டுச்சீட்டு இங்கிலீஷ்லதான் இருக்கும்."

"அது மட்டும் தெரியுமாக்கும்?"

அத்தானுக்கு வெள்ளையர் வந்தது. கொட்டகையே சிரித்தது. "மாப்ள, இனிமே என் பக்கத்துல உக்காராதே, எந்திரி," என்று என்னைத் தள்ளினார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு உறுதிமொழித் தாளைக் கொடுத்தார்கள். எழுந்து நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். "நான் இதுநாள் வரை என் இனத்தைப் பிழையாகக் கூறி வந்தமைக்கு வருந்துகிறேன்" என்று இருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோருக்கும் எல்மீர் அக்காவின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மீன்பிடி உரிமம், எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் அதில் பூர்வகுடி என்று கட்டம் இல்லாவிட்டால் அக்கா பேனாவால் தானே ஒரு கட்டம் வரைந்து, பெயர் எழுதி, குறி போட்டுத்தான் கொடுப்பாள். திருப்பி அனுப்புவார்கள். மறுபடியும் வரைவாள். டயாலிசிஸ் படுக்கையில் கை வீங்கிக் கிடந்தபோதும் கோணலாக ஒரு கட்டம் வரைந்தாள். அன்றைக்கு அத்தான்தான் அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

அத்தான் தாளை வைத்துக்கொண்டு நின்றார். "தற்காலிக ஏற்பாடுதான், மிஸ்டர் பர்ஃபே," என்றார் கில்லரி. "ஓட்டுப்பதிவு முடியற வரைக்கும்தான்."

"எல்மீர் என்னைத் திட்டுவா, மாப்ள," என்றார் அத்தான் என்னிடம், மெதுவாக.

"கரைக்கு உள்ள இருந்து திட்டட்டும், அத்தான். படிங்க," என்றேன். சொன்னது நான்தான். இன்று வரை அது என்னை அரிக்கிறது.

படித்தார். கையெழுத்துப் போட்டார். துணைவரின் பெயர் என்று ஒரு வரி இருந்தது, எல்மீர் பர்ஃபே, மறைவு என்று நிரப்பினார். கணவன் மனைவி பதிவுகள் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, வெறும் சம்பிரதாயம் என்றார்கள்.

நவம்பரில் அந்தச் செவ்வாய்க்கிழமை இருபத்தொரு பேரும் குளித்துத் தேவாலயத்துக்குப் போகிற உடுப்பில் போய் ஓட்டுப் போட்டோம். ராத்திரிக்குள் முடிவு வந்துவிட்டது. நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றுப்போனோம். வடக்கே இருப்பவர்களுக்குக் குறுக்குவழிக் கரையே போதும் என்று தோன்றியிருக்கிறது. கள்ள ஓட்டு இல்லை, மோசடி இல்லை, எண்ணிக்கையில் ஒரு பிசகும் இல்லை. எங்கள் இருபத்தொன்றும் சுத்தமாக எண்ணப்பட்டிருந்தன. கில்லரியிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. எங்கள் குரல் அதற்குரிய துல்லியமான அளவில் கேட்கப்பட்டதாக எழுதியிருந்தார்.

அத்தான் கூண்டு போடப் போனார், வந்தார். சரி, கரை போனால் போகட்டும், அவளை வடக்கே மேட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று வசந்த காலத்தில் ஒருநாள் சொன்னார். அதற்குள் அலுவலகத்திலிருந்து இரண்டு உறைகள் வந்திருந்தன. முதலாவதில், ஓட்டுப்பதிவு முடிந்துவிட்டபடியால் அவருடைய தற்காலிக இனம் காலாவதி ஆகிவிட்டது, அவர் மீண்டும் நிலுவையில் இருக்கிறார் என்று இருந்தது. இரண்டாவது அக்காவின் இறப்புச் சான்றிதழ். தங்கள் வசதிக்காகத் திருத்தப்பட்டது என்று முத்திரை. இனம் என்ற இடத்தில் வெள்ளையர்.

மிஸ் வெர்னாவிடம் ஓடினோம். அவர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"தற்காலிகம்கறது உயிரோட இருக்கறவங்களுக்குத்தான், மிஸ்டர் அல்சீட். செத்தவங்களுக்குப் போட்டா போட்டதுதான். மாத்தணும்னா..." நிறுத்திவிட்டார்.

"மாத்தணும்னா?"

"சம்பந்தப்பட்டவங்க நேர்ல வந்து ஆட்சேபிக்கணும்."

அத்தான் ஜன்னல் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வாழ்க்கை பூரா அவ செஞ்சது அது ஒண்ணுதானேம்மா," என்றார். மிஸ் வெர்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வரிசையில் பின்னால் நின்றவர் நேரமாகிறது என்றார்.

மேட்டு நிலத்தில் ஒரு கல்லறைத் தோட்டம் இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. அதன் செயலாளர் இளம்பெண், தேனாகப் பேசினாள். அக்காவின் சான்றிதழைப் பார்த்ததும் ஓக் மரத்தடியில் நல்ல இடமாகக் காட்டினாள். பக்கத்திலேயே இன்னோர் இடமும் காலியாக இருந்தது.

"இது எனக்கு," என்றார் அத்தான்.

அவள் கணினியில் தட்டினாள். முகம் மாறியது. "ஸாரி அங்கிள். எழுபது வருஷத்துக்கு முந்தி எழுதுன பத்திரம். இந்தப் பகுதியில வெள்ளைக்காரங்களை மட்டும்தான் புதைக்கணும்னு இருக்கு. அதை இப்ப யாரும் வாசிக்கிறது கூட இல்லை, வெக்கக்கேடுதான். ஆனா அதை நீக்கி எழுதலையே, இனத்தை நிரப்பாம இந்தக் கம்ப்யூட்டர் உள்ள விடாது. அம்மாவை நாளைக்கே எடுத்துக்கறோம். உங்களுது... நிலுவைன்னு காட்டுது."

"நிலுவையில இருக்கறவன் செத்தா எங்க வைப்பீங்க?"

"அதைக் கேட்டுச் சொல்றேன், அங்கிள்," என்றாள். பாவம், உண்மையாகவே கேட்டுச் சொல்வாள் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பி வரும் வழியில் அத்தான் அக்காவின் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொரு வருஷம் ஒரே பாயில் படுத்தவர்களைப் பிரிக்கப் புயலால் கூட ஏழு மாதம்தான் முடிந்தது. இவர்கள் ஒரு தட்டச்சில் நிரந்தரமாகப் பிரித்துவிட்டார்கள். அதுவும் வசதிக்காக. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அவர் என் பக்கம் திரும்பாமல் கைக்குட்டையை மட்டும் நீட்டினார்.

குறுக்குக் கரை எழும்பிவிட்டது. அதற்கு வெளியே நாங்கள். நவம்பர் ஒன்றாம் தேதி, செத்தவர்களின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து மெழுகுவத்தி ஏற்றும் நாள், அத்தானும் நானும் படகில்தான் போக வேண்டியிருந்தது. நீர் இறக்கத்திலும் முட்டியளவு தண்ணீர். அத்தான் இறங்கி நின்று, அக்காவின் கல்லறைக்குத் தண்ணீருக்கு மேலே தெரிகிற பாகத்துக்கு வெள்ளை அடித்தார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ள," என்றார், தூரிகையை நிறுத்தாமல். "அந்த மேட்டுக்கு இவளை அனுப்ப மாட்டேன். இங்கயே இருக்கட்டும். நான் போனா என்னையும் பக்கத்துல வெச்சுடு."

"அடுத்த புயலுக்கு ஒண்ணும் நிக்காது, அத்தான்."

"தெரியும். அதனால ரெண்டு பெட்டியையும் சேர்த்துக் கட்டிடு. எங்க போய் ஒதுங்குனாலும் ஒண்ணா ஒதுங்குவோம். எடுக்கறவன் என்ன வேணா எழுதிக்கிடட்டும், ரெண்டு பேருக்கும் ஒண்ணையேதான எழுதியாகணும்."

அவர் கல்லறையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நண்டுக்கூண்டுக் கயிறுல கட்டு," என்றார். "சணல் கயிறு வேண்டாம். அது உப்புத் தண்ணியில அத்துப்போயிடும்."